குப்பை பொறுக்குபவர், கரடி, தபால்காரர்: ஐவர் வூட்டின் பொம்மைப் படங்கள்

விம்பிள்டன் என்றால் உலகத்துக்கு டென்னிஸ். லண்டன் தமிழருக்கு எஃப்ரா வீதியில் 1981இல் தொடங்கிய கணபதி கோயில். 1970களில் இந்த நாட்டில் பிள்ளைப்பருவத்தைக் கழித்த ஆங்கிலேயர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள், மூன்றாவதாக ஒரு பதில் வரும்: வொம்பிள்கள். விம்பிள்டன் கொமன் என்ற பெரிய பொதுவெளிக்கு அடியில் வளை தோண்டி வாழும், நீண்ட மூக்கும் அடர்ந்த உரோமமும் கொண்ட சின்ன உருவங்கள். மனிதர்கள் போட்டுவிட்டுப் போகும் குப்பையைப் பொறுக்கி, அதிலிருந்து தமக்கு வேண்டியதைச் செய்துகொள்வதுதான் அவற்றின் முழுநேர வேலை.

கதையை எழுதியவர் எலிசபெத் பெரஸ்ஃபோர்ட் என்பது பலருக்குத் தெரியும். பாடல்களால் புகழ்பெற்ற மைக் பாட்டையும் தெரியும். அந்தப் பொம்மைகளை வடிவமைத்துப் படமாக இயக்கியவரின் பெயரைக் கேட்டால் அநேகர் யோசிப்பார்கள். அவர் ஐவர் வூட். (தமிழில் எழுதும்போது ஐந்து பேர் போலத் தோன்றும். ஒருவர்தான்.) வொம்பிள்கள் மட்டுமல்ல, 1976இல் பிபிசியில் வந்த பெடிங்டன் கரடி, 1981இல் வந்த போஸ்ட்மன் பட் இரண்டும் அவர் இயக்கியவையே. நம் பிள்ளைகள் வளர்ந்த வீடுகளில் இந்த மூன்றில் ஒன்றாவது ஓடியிருக்கும். புதிதாக வந்த பெற்றோர் பலர் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து இவற்றைப் பார்த்தே தங்கள் காதை ஆங்கிலத்துக்குப் பழக்கினார்கள்.

இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கும்போது சிறுவர் நிகழ்ச்சிகள், அவ்வளவுதான். வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருவது தெரிகிறது. ஓர் ஊரில் ஒருவருக்கு இடம் எப்படிக் கிடைக்கிறது? புலம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இது சிறுவர் கேள்வி அல்ல என்பதால்தான் இந்தக் கட்டுரை.

வூட் 1932இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை ஆங்கிலேயர், தாய் பிரெஞ்சுக்காரர். பாரிஸில் ஓவியம் படித்து, அங்கேயே விளம்பரப் படத்துறையில் வேலை செய்தபோது சேர்ஜ் டானோ என்பவரோடு சேர்ந்தார். இருவரின் கூட்டில் உருவானதுதான் 1964இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் தொடங்கிய, மந்திர இராட்டினம் பற்றிய தொடர். அதில் கால்களே தெரியாமல் தரையோடு வழுக்கிச் செல்லும் நீண்ட முடி நாய் ஒன்று உண்டு. பிரெஞ்சில் அதற்குப் பொலுக்ஸ் என்று பெயர், அது ஆங்கிலேய உச்சரிப்போடுதான் பிரெஞ்சு பேசும். அடுத்த ஆண்டு பிபிசி தொடரை வாங்கியதும் எரிக் தொம்சன் மூல வசனங்களை மொழிபெயர்க்கவில்லை. படத்தை மட்டும் பார்த்துத் தன் விருப்பப்படி புதுக்கதை சொன்னார், நாய்க்கும் டூகல் என்று வேறு பெயர் வந்தது. ஒரு நாட்டில் அந்நிய உச்சரிப்போடு பேசிய நாய் இன்னொரு நாட்டில் வேறு பெயரோடு வேறு கதைக்குள் புகுந்தது. அதைப் படைத்தவரும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் வளர்ந்தவர். பிறகு அவர் லண்டனுக்கு வந்து ஃபில்ம்ஃபெயர் என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மைக்கல் பொண்ட் எழுத, மூலிகைத் தோட்டமொன்றின் கதையை 1968இல் படமாக்கினார். சிங்கத்தின் பெயர் பார்ஸ்லி, நாயின் பெயர் டில். அதைக் கடந்து நேரே கொமனுக்குப் போவோம்.

கொமன் என்பதை நாம் பூங்கா என்று சொல்லிவிடுகிறோம், அது சரியல்ல. 1864இல் அந்த நிலத்தின் உரிமையாளரான ஸ்பென்சர் பிரபு அதன் பெரும்பகுதியை வேலியடைத்துத் தனக்கான பூங்காவாக்க முயன்றார். அயலவர்கள் எதிர்த்தார்கள். இழுபறிக்குப் பிறகு 1871இல் வந்த சட்டம் அதை எல்லோருக்குமான திறந்த வெளியாக நிலைநிறுத்தியது. பராமரிப்புச் செலவில் ஒரு பகுதியை அயலில் வசிப்பவர்கள் இன்றும் வரியாகக் கட்டுகிறார்கள். யாருக்கும் தனியாகச் சொந்தமில்லாத நிலம் அது. அங்கே ஒரு பெருநாள் உலாவின்போது பெரஸ்ஃபோர்டின் மகள் விம்பிள்டன் என்பதை வொம்பிள்டன் என்று சொல்லிவிட, அந்த மழலையிலிருந்து 1968இல் ஒரு புத்தகம் பிறந்தது.

வூட்டின் தொடர் 1973 பெப்ரவரியில் தொடங்கியது. 1975 வரை இரண்டு தொகுதிகள், ஐந்து நிமிட அத்தியாயங்கள் அறுபது. முதலில் வந்த புத்தகப் படங்களில் வொம்பிள்கள் ஏறத்தாழக் கரடிப் பொம்மைகள் போலத்தான் இருந்தன. இன்று எல்லோருக்கும் தெரிந்த கூர்மூக்கு உருவம் தொலைக்காட்சிக்காக வூட் உண்டாக்கியது. பின்னர் புத்தகங்களின் ஓவியங்களும் அதைப் பின்பற்றின.

வளைக்குள்ளே ஒரு கூட்டுக் குடும்பம். கிரேட் அங்கிள் பல்கேரியா என்ற கிழவர் கம்பளிச் சால்வையோடு கதிரையில் இருந்து, யாரோ வெளியில் போட்டுவிட்டுப் போன டைம்ஸ் பத்திரிகையைப் படிப்பார். டொபர்மொரி பட்டறையில் உடைந்ததைப் பொருத்துவார். ஒரினோக்கோ சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் இடையில் கொஞ்சம் வேலை பார்ப்பான். சமையலுக்கு மடம் ஷொலே. முக்கிய பாத்திரங்களில் பெண் அவர் ஒருவர்தான், அவரும் அடுப்படியில் என்பதை இன்று பார்க்கும்போது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தப் பெயர்களைக் கவனியுங்கள். வெளியே வேலைக்குப் போகும் வயது வந்ததும் ஒவ்வொரு வொம்பிளும் கிழவரின் உலகப்பட நூலைத் திறந்து தனக்கு ஒரு பெயரைத் தெரிந்தெடுக்கும். டொபர்மொரி ஸ்கொட்லாந்துத் தீவொன்றின் ஊர். ஒரினோக்கோ தென்னமெரிக்க ஆறு. டொம்ஸ்க் சைபீரிய நகரம். கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்த அவசரக்காரனுக்கு ஜப்பானின் பழைய மாகாணமான பங்கோ வாய்த்தது. விம்பிள்டன் மண்ணுக்கடியில் வசிப்பவர்களில் ஒருவருக்கும் விம்பிள்டன் பெயர் இல்லை. சங்கானையையும் வல்வெட்டித்துறையையும் பெயரோடு சேர்த்துக்கொண்டு லண்டனில் நடமாடும் நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியாது.

வொம்பிள்களை இன்று மீள்சுழற்சியின் முன்னோடிகள் என்று கொண்டாடுகிறார்கள். அது சரிதான். ஆனால் நம் வீடுகளில் அதற்குக் கொள்கை எதுவும் தேவைப்பட்டதில்லை. பால்மா டின்னில் மிளகாய்த்தூள், ஜாம் போத்தலில் ஊறுகாய். குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் ஐஸ்கிரீம் பெட்டியை ஆசையோடு திறந்து உள்ளே மீன்குழம்பைக் கண்டு ஏமாறாத பிள்ளை நம்மில் உண்டா? டொபர்மொரியின் பட்டறையில் நமக்குப் பிடித்த விஷயமும் அதுவே. ஒரு பொருளின் வேலை அதை வாங்கியவர் வீசியதோடு முடிவதில்லை.

அதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. வொம்பிள்களை மனிதர்கள் கண்டுகொள்வதில்லை. எதிரே வந்தாலும் கவனிக்காமல் போய்விடுவார்கள். காலையில் கொமன் துப்புரவாக இருக்கும், ஏன் என்று யாரும் கேட்பதில்லை. 1980களிலும் 90களிலும் இங்கு வந்த நம்மவர்களில் எத்தனையோ பேர் இரவில் பெற்றோல் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றார்கள், விடியுமுன் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்தார்கள். ஒன்பது மணிக்கு வந்து கதிரையில் அமர்ந்தவருக்குத் தன் மேசையைத் துடைத்தவரின் முகம் தெரியாது. ஊரில் ஆசிரியராகவோ இலிகிதராகவோ இருந்தவர் அவர் என்பதும் தெரியாது. வொம்பிள்கள் இதைப் பற்றி முறையிடுவதில்லை, மகிழ்ச்சியாகவே இருக்கின்றன. இதை நாம் முழுமனதோடு ஏற்க மாட்டோம். யாரும் காணாத உழைப்பு தனக்குள் திருப்தியோடு இருக்கிறது என்பது, அந்த உழைப்பின் பயனை அனுபவிப்பவருக்கு வசதியான கதையும்கூட. ஆனால் வூட்டின் படத்தில் கமரா வளைக்குள்தான் இருக்கிறது. நாம் பார்ப்பது கூட்டுபவரின் வீட்டை, அவருடைய கோபத்தை, பகிடியை, தேநீரை. மேலே நடமாடும் மனிதர்கள்தான் முகம் தெரியாதவர்கள். ஐந்து வயதுப் பிள்ளை ஒன்று இப்படிப் பார்க்கப் பழகுவது சின்ன விஷயம் இல்லை.

இந்தப் படங்கள் உருவாகும் முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டொப் மோஷன் என்பது பொம்மையை மயிரிழை அளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம் என எடுப்பது. பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 சட்டகங்கள். ஐந்து நிமிடத்துக்கு 7,500. ஒரு நிலையை இரண்டு சட்டகங்களுக்கு வைத்தாலும் 3,750 தடவை கையால் நகர்த்த வேண்டும். வொம்பிள்களை அப்படி நகர்த்தியவர் பாரி லீத். ஒரு முழுநாள் உழைத்தால் சில விநாடிகளே தேறும். ஒருவர் தேநீர்க் கோப்பையைத் தூக்குவதுகூட யாரோ பல நிமிடங்கள் குனிந்து நின்று செய்த வேலை. வாய்கள் அசையா. கதை முழுவதையும், எல்லாப் பாத்திரங்களையும் ஒரே குரல் சொல்லும். வொம்பிள்களுக்கு பேர்னார்ட் கிரிபின்ஸ், பெடிங்டனுக்கு மைக்கல் ஹோர்டெர்ன், பட்டுக்கு கென் பாரி. கோயில் வீதியில் கதாப்பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த முறை அந்நியமாகவே இருக்காது. ஒருவரே கிழவராகவும் குழந்தையாகவும் பேசுவார், நாம் யாரையும் குழப்பிக்கொள்ள மாட்டோம். கதை கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்காக எடுத்த படங்கள் இவை.

பெடிங்டன் வூட்டின் கைக்கு வருமுன்பே பிரபலமான கரடி. மைக்கல் பொண்டின் முதல் புத்தகம் 1958இல் வந்தது. பெருவிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்து, பெடிங்டன் ரெயில் நிலையத்தில், தன்னைப் பார்த்துக்கொள்ளும்படி கேட்கும் அட்டையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பெட்டியின்மேல் உட்கார்ந்திருக்கும் கரடி. போர்க்காலத்தில் நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட பிள்ளைகள் கழுத்தில் பெயரட்டையோடு ரெயில் நிலையத்தில் நின்ற காட்சி தன் மனதில் இருந்ததாகப் பொண்ட் பின்னாளில் சொன்னார். கரடியின் நெருங்கிய நண்பர் போர்டபெல்லோ வீதியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஹங்கேரியரான க்ரூபர். நாஸிகளிடமிருந்து தப்பி ஜேர்மனியை விட்டு வந்த ஹார்வி உன்னா என்ற தன் இலக்கிய முகவரை நினைத்தே பொண்ட் அவரைப் படைத்தார். காலை பதினொரு மணிக்கு அந்த இருவரும் கொக்கோ குடித்துக்கொண்டு பேசும் இடத்தில், வந்தவர் இருவர் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள். அங்கே யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை.

கரடிக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. இங்கே யாருக்கும் விளங்காது என்று அதுவே சொல்லிவிடுகிறது. எனவே பிரவுண் குடும்பம் கண்டெடுத்த நிலையத்தின் பெயரையே வைக்கிறது. வேலைத்தலத்தில் ‘சிவா’ என்றும் ‘நாதன்’ என்றும் சுருங்கிப்போன நம் சிவஞானசுந்தரங்களும் கமலநாதன்களும் இந்த இடத்தில் ஒரு தரம் புன்னகைப்பார்கள். புன்னகை முழுக்க மகிழ்ச்சியானது அல்ல. வொம்பிள் தன் பெயரைத் தானே உலகப்படத்தில் தேடுகிறது, கரடிக்குப் பிறர் வைக்கிறார்கள்.

கதை பொண்டினுடையது. வூட் செய்ததைப் படத்தில்தான் பார்க்க வேண்டும். பெடிங்டன் ஒருவன்தான் முப்பரிமாணப் பொம்மை. உரோமம், தொப்பி, கோட்டு எல்லாம் தொட்டுப் பார்க்கலாம் போல இருக்கும். பிரவுண் குடும்பமும் அயலவர்களும் லண்டன் நகரமும் காகிதத்தில் வரைந்து வெட்டிய தட்டைச் சித்திரங்கள். செலவும் வசதியும் இதற்குக் காரணமாக இருந்திருக்கலாம், ஆனால் திரையில் அது வேறொன்றாகத் தெரிகிறது. புதிதாக வந்தவருக்கு ஒரு நகரம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கும். தெருக்களும் முகங்களும் தட்டையாக, வரைந்து வைத்தது போல. கனமாக இருப்பது தன் உடலும் தன் பெட்டியும் மட்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு: தட்டையான பிரவுண் ஐயா மர்மலேட் போத்தலை நீட்டும்போது அதுவும் தட்டைச் சித்திரமே. கரடி கையில் வாங்கும் கணத்தில் அது உருண்டு திரண்ட உண்மையான போத்தலாகிவிடும். முதல் தரம் பார்ப்பவர் கவனிக்காமலே கடந்துபோகலாம். ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கும்போது அந்த உலகம் கொஞ்சம் கொஞ்சமாக உருவம் பெறுகிறது என்று நாம் வாசிக்கிறோம். இயக்குநர் இப்படி நினைத்துச் செய்தாரா என்ற கேள்வி இரண்டாம் பட்சம், திரையில் இருப்பது இதுதான்.

1981இல், எஃப்ரா வீதியில் கோயில் தொடங்கிய அதே ஆண்டில், வூட் தன் சொந்த நிறுவனமான வூட்லாண்ட் அனிமேஷன்ஸ் மூலம் போஸ்ட்மன் பட் தொடரைத் தந்தார். எழுத்து ஜோன் கன்லிஃப். வட இங்கிலாந்தின் கென்டல் நகரில் வாழ்ந்தவர், அயலிலிருந்த பள்ளத்தாக்குகளைப் பார்த்துக் கிரீன்டேல் என்ற ஊரைக் கற்பனை செய்தவர். பதின்மூன்று அத்தியாயங்கள். சிவப்பு வான், கறுப்பு வெள்ளைப் பூனை ஜெஸ், வளைந்து போகும் வீதி. பனி கொட்டும், ஆடு வழியை மறிக்கும், ஒரு பொம்மையோ ஒரு சாவியோ தொலைந்து போகும். வில்லன் என்று எவரும் இல்லை. கோபக்காரர்கள் உண்டு, மறதிக்காரர்கள் உண்டு. பிரச்சினை என்பது எப்போதும் யாருக்கோ ஒரு பொருள் போய்ச்சேரவில்லை என்பதே. அது போய்ச்சேர்ந்ததும் கதை முடிந்துவிடும்.

தபாற்காரர் வருகை நமக்கு வெறும் காட்சி அல்ல. ஊரிலிருந்து நீலநிற வான்கடிதம் வரும் காலத்தில், வரவில்லை என்பதற்கும் பொருள் இருந்தது. விசா முடிவு வரும் கடித உறைக்காகக் கதவுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு, பட்டின் அந்தப் பாட்டு பிள்ளைகளுக்குத் தந்த மகிழ்ச்சியைத் தந்திருக்காது. ஆயினும் கிரீன்டேலில் நாம் பொறாமைப்படும் ஒன்று உண்டு. பட் ஒவ்வொரு கதவையும் பெயரோடு அறிவார். யாருக்கு முழங்கால் நோ, யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வொம்பிளை ஒருவரும் காணவில்லை, கரடியைக் காண ஓர் அட்டை தேவைப்பட்டது. பட்டுக்கோ ஊர் முழுவதும் கதவைத் திறந்து தேநீர் கொடுக்கிறது. மூவரும் செய்வது ஏறக்குறைய ஒரே வேலை, யாருக்கோ எதையோ எடுத்துக் கொடுப்பது. ஊர் அவர்களை எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

பின்னர் 1985இல் பேர்த்தா என்ற தொழிற்சாலை இயந்திரத்தின் கதை வந்தது. அடுத்து சார்லி சோக் என்ற கோமாளி, வள்ளத்தில் தூங்கிப்போய் அடித்துச் செல்லப்பட்டு முன்பின் தெரியாத தீவொன்றில் ஒதுங்கினான். கடல் கொண்டுவந்து விட்டவனைத் தீவார் வைத்துக்கொள்கிறார்கள். எப்போதும் சட்டதிட்டம் பேசும் மில்ட்ரெட் கப்டனும் அங்கே உண்டு! முந்திய மூன்றின் தரத்துக்கு இவை வரவில்லை என்பது நம் கருத்து. ஆனால் கடலோரம் ஒதுங்குபவன் என்ற உருவம் வூட்டை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சார்லி சாட்சி.

இங்கே ஒருவர் மறுப்புச் சொல்லலாம். பெரஸ்ஃபோர்ட், பொண்ட், கன்லிஃப் என மூவர் எழுதிய கதைகளில் எதை வூட்டின் கருப்பொருள் என்பது? நியாயமான கேள்வி. கதைகளைத் தெரிவதிலும் ஒரு மனிதரின் விருப்பு தெரியும் என்பது பாதிப் பதில். மீதியைப் பொம்மைகளிலேயே பார்க்கலாம். சின்னதாக, முழுதாகக் கைக்குள் அடங்கும் ஓர் ஊர். அவசரமில்லாத நடை. பாத்திரங்களின் கையில் எப்போதும் ஒரு கருவியோ கோப்பையோ பொதியோ. மூன்று எழுத்தாளர்களின் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்தால் மூன்றும் வெவ்வேறு குரல்கள். திரையில் மட்டும் அவை உறவினர் போல இருக்கின்றன.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கதவுகள் எல்லாம் திறந்திருந்த கிரீன்டேலில் 1981இல் நம்மைப் போன்ற ஒரு முகமும் இல்லை. சவுத்தோலிலும் டூட்டிங்கிலும் தெற்காசியர் கடை நடத்திக்கொண்டிருந்த காலம் அது. கிராமம் அப்படித்தான் இருந்தது என்பார்கள். இருக்கலாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் எல்லாம் கிராமத்தில் இல்லை.

2003இல் தொடங்கிய புதிய தொடரில்தான் அது மாறியது. கிரீன்டேலுக்கு ரெயில் வந்தது. அதை ஓட்டுபவர் அஜய் பெயின்ஸ், மனைவி நிஷா, மகள் மீரா. அப்போது தொடர் வேறு நிறுவனத்தின் கைக்குப் போயிருந்தது, இயக்கியதும் வூட் அல்ல. 2004 ஒக்டோபரில் அவர் காலமானார். 2000களில் இங்கே பிறந்த நம் பிள்ளைகளைக் கேட்டால், மீரா இல்லாத கிரீன்டேலை அவர்களுக்குத் தெரியாது. பட்டின் மகன் ஜூலியனோடு பள்ளிக்குப் போகிறவள் அவள், அந்த ஊர்க்காரி.